கொடிக்கம்பத்துக்குள் ஒளிந்த ஏரியல்



போன வாரம் எம்மிடம் படித்த மாணவர் ஒருவர் கோல் எடுத்தார. இப்போது கொழும்பில் ஒரு தொடர்மாடியில், ஐந்தாம் மாடியில் குடியிருக்கிறார். சின்ன வயதிலேயே ரேடியோப் பைத்தியம் பிடித்தவர். பழைய செட்களைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் விஞ்ஞான அறைக்குத் தூக்கிக்கொண்டு வருவார். ஜன்னலுக்கு வெளியே ஒரு கம்பியை இழுத்து இரவில் சிற்றலை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கட்டடத்தின் முகாமைத்துவக் குழுவினர் வந்து, முன்பக்கத் தோற்றம் கெடுகிறது, கழற்றுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

"சேர், இந்தச் சட்டமெல்லாம் நம்மட நாட்டுல மட்டுந்தானா?" என்று கேட்டார்.

இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு கதை இருக்கிறது. அதை எல்லோருக்குமாக எழுதுவோம் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

எமது ஊர்களில் மூத்தவர்களுக்கு ஏரியல் கம்பி என்றால் உடனே விளங்கும். இரண்டு தென்னைகளுக்கு நடுவே செப்புக் கம்பி, இரு நுனியிலும் வெள்ளைப் பீங்கான் கட்டை, நடுவிலிருந்து ஒரு கம்பி ஜன்னல் வழியாக உள்ளே இறங்கும். நோன்புக்கும் பெருநாளுக்கும் பிறை பார்க்கும் இரவில், கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் அறிவித்தல் வரும் வரை, கம்பி உள்ள வீட்டு வாசலில்தான் ஊரே கூடி நிற்கும். அந்தக் கம்பிக்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. தேங்காய் விழுந்து கம்பி அறுந்தால்தான் பிரச்சினை.

இலங்கைக்கு வானொலி வந்த கதையும் கம்பியில்தான் தொடங்குகிறது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் பாகங்களைக் கொண்டு ஒலிபரப்புக் கருவி செய்து 1923இல் பரீட்சித்துப் பார்த்தார். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. ஆசியாவிலேயே முந்திய ஒலிபரப்புகளில் ஒன்று அது.

ஆனால் கம்பியைப் பார்த்துப் பயப்படுவதும் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. 1914இல் போர் மூண்டதும் பிரித்தானிய தபால் திணைக்களம் தனியாரின் வானொலிக் கருவிகளை எல்லாம் கழற்றச் சொன்னது. 1917இல் அமெரிக்கா போருக்குள் இறங்கியபோது அமெச்சூர் வானொலிக்காரர் அனைவரும் நிலையங்களை மூடி ஏரியலைக் கீழே இறக்க வேண்டியதாயிற்று. பேசுவது மட்டுமல்ல, கேட்பதும் கூடாது. 1919இல்தான் தடை நீங்கியது. கருவியை அலுமாரிக்குள் வைக்கலாம், ஆனால் ஏரியல் வெளியில் நிற்க வேண்டும். ஒரு வீட்டில் ரேடியோ இருப்பதைத் தெருவுக்குச் சொல்லிக் கொடுப்பது அதுதான்.

இது உயிர்ப் பிரச்சினையாகவும் மாறியது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே ஜெர்சி, குவேர்ன்சி என்ற சின்னத் தீவுகள் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை அவற்றைப் பிடித்து, 1942 ஜூனில் மக்களின் ரேடியோக்களைப் பறிமுதல் செய்தது. மக்கள் விட்டார்களா? மின்சாரமே தேவைப்படாத 'கிறிஸ்டல் செட்'களைச் செய்தார்கள். காதில் வைத்துக் கேட்கும் பாகத்துக்குத் தெருவோரத் தொலைபேசிப் பெட்டிகளிலிருந்து ரிசீவரைக் களவாகக் கழற்றினார்கள். கிறிஸ்டல் செட்டுக்கு நல்ல ஏரியல் இல்லாவிட்டால் ஒன்றுமே கேட்காது. ஆகவே கண்ணில் படாத உலோகம் எதையாவது பிடிக்க வேண்டும். ஜெர்சியில் கிளிஃபர்ட் கோஹு என்ற பாதிரியார், லண்டன் செய்திகளைக் கேட்டு நோயாளிகளுக்கும் ஊராருக்கும் சொல்லி வந்தார். பிடிபட்டார். 1944இல் ஜெர்மனியில் ஒரு முகாமில் இறந்தார். செய்தி கேட்டதற்கும் சொன்னதற்கும் உயிர் போனது.

எமது நாட்டிலும் 1990களில் வடக்குக்கு மின்சாரமும் இல்லை, பற்றரியும் போகவில்லை. மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள்.

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம்.

போர்க்காலத் தடை அரசாங்கம் போட்டது. போர் முடிந்ததும் எடுத்துவிட்டார்கள். ஆனால் அமெரிக்காவில் வேறொரு வகைத் தடை முளைத்தது. அதைப் போட்டது அரசாங்கம் அல்ல, வீட்டை விற்றவர். காணியை வாங்கும்போதே உறுதியில் நிபந்தனைகள் எழுதியிருக்கும்: இந்த நிறம்தான் பூச வேண்டும், புல்லை இவ்வளவுக்கு வெட்ட வேண்டும், வெளியில் கம்பியோ கோபுரமோ கட்டக்கூடாது. அந்த நிபந்தனை ஆளோடு போவதில்லை, காணியோடு போகும். அடுத்து வாங்குபவரையும் அதற்கடுத்தவரையும் கட்டும்.

இந்தச் சட்டக் கருவிக்கு ஓர் அசிங்கமான பழைய வரலாறு உண்டு. 1947இல் நியூயோர்க்குக்கு அருகே லெவிற்றவுன் என்ற பெரிய குடியிருப்பு எழுந்தது. அதன் ஒப்பந்தத்தில், வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக்கூடாது என்றே எழுதியிருந்தது. அதற்கு அடுத்த வருடம், 1948இல், ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில், இப்படியான இன நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொடி காயப்போடுவதையும் கம்பி கட்டுவதையும் தடுக்கும் நிபந்தனைகள் அந்தத் தீர்ப்புக்குள் வரவில்லை. அவை அப்படியே வளர்ந்தன. ஏரியல் தடையும் இனத் தடையும் ஒரே தராசில் வைக்கக்கூடியவை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் "இது தனியார் ஒப்பந்தம்தானே, விருப்பமில்லாவிட்டால் வாங்காமல் விடுங்கள்" என்ற பதில் இரண்டுக்கும் ஒன்றாகவே சொல்லப்பட்டது.

1970இல் அங்கே இப்படியான வீட்டு உரிமையாளர் சங்கங்கள் சுமார் 10,000 இருந்தன. இப்போது 3 இலட்சத்துக்கும் அதிகம். புதிதாகக் கட்டும் குடியிருப்புகளில் சங்கம் இல்லாத வீட்டைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். விருப்பமில்லாவிட்டால் வாங்காமல் எங்கே போவது?

அமெச்சூர் வானொலிக்காரர்கள் முறையிட்டுப் பார்த்தார்கள். 1985இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு, உள்ளூராட்சி மன்றங்கள் ஏரியல்களுக்கு நியாயமான அளவில் இடம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தனியார் நிபந்தனைகளைத் தொடவில்லை. 1996இல் புதிய சட்டம் வந்தது. அதன்படி ஒரு மீற்றருக்கு உட்பட்ட செய்மதி டிஷ்ஷையும் டீவி ஏரியலையும் எந்தச் சங்கமும் தடுக்க முடியாது. ஆனால் அமெச்சூர் ஏரியல்? அதற்குப் பாதுகாப்பு இல்லை. டிஷ் விற்கப் பெரிய கம்பனிகள் இருந்தன. கம்பி கட்டுகிறவருக்கு யார் இருக்கிறார்? 2016இலும் 2017 ஆரம்பத்திலும் ஒரு சட்டமூலம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டில் நின்றுவிட்டது.

சட்டம் உதவாதபோது மனிதன் மூளையைப் பாவிப்பான். இந்தக் கதையில் எமக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஏரியலின் நீளம் அலையின் நீளத்தைப் பொறுத்தது. அமெச்சூர்கள் அதிகம் பாவிக்கும் 7 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 40 மீற்றர். அதில் பாதி, 20 மீற்றர்க் கம்பி, நன்றாக வேலை செய்யும். 14 மெகாஹேர்ட்ஸுக்கு 10 மீற்றர் போதும். ஆக, ஒளித்து வைக்க வேண்டியது ஒரு வீட்டின் நீளத்துக்கு உள்ள சாமான்.

சிலர் கூரைக்கு உள்ளே, சீலிங்குக்கு மேலே கட்டினார்கள். அமெரிக்க வீடுகளில் கூரை பெரும்பாலும் பலகையாலானது, அலை ஊடுருவும். சூட்டைத் தடுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருந்தால் மட்டும் சரிவராது. சிலர் தலைமுடியை விடக் கொஞ்சம் தடித்த எனாமல் பூசிய செப்புக் கம்பியை மரத்துக்கு மரம் இழுத்தார்கள். பத்தடி தள்ளி நின்றால் கண்ணுக்கே தெரியாது. குருவி மோதினால் அறும், அடுத்த நாள் திரும்பக் கட்டுவார்கள். சிலர் மழைத்தண்ணீர் ஓடும் தகரப் பீலியையே ஏரியலாக்கினார்கள். வேறு சிலர் இரவில் ஏற்றி சுபஹுக்கு முன் இறக்கினார்கள்.

எல்லாவற்றையும் விடச் சுவையானது கொடிக்கம்பம். தேசியக் கொடி பறக்கவிடுவதைச் சங்கங்கள் அடியோடு தடுக்கக்கூடாது என்று 2006இல் அங்கே சட்டம் வந்தது. கொடிக்கு இடம் கிடைத்தது, கம்பத்துக்குள் கம்பியும் போனது. வெளியே பார்த்தால் தேசபக்தர் வீடு. உள்ளே இரவெல்லாம் ஜப்பானோடும் பிரேசிலோடும் பேசிக்கொண்டிருப்பார்.

வேடிக்கையாக இருந்தாலும் இதில் நட்டமும் உண்டு. வீட்டுக்குள் கட்டிய ஏரியல் எல்.ஈ.டி. மின்குமிழ், சார்ஜர் எல்லாவற்றின் இரைச்சலையும் இழுக்கும். ஒலிபரப்புபவர் வலுவைக் குறைத்தே பாவிக்க வேண்டும், கதிர்வீச்சு வீட்டாரின் தலைக்கு மேலேயே இருக்கிறது. ஒளித்துக் கட்டும் அவசரத்தில் மின்சார வயருக்குப் பக்கத்தில் கம்பியை வீசினால் ஆளே போய்விடுவார். பிள்ளைகள் வாசித்தால் இந்த வரியை இரண்டு முறை வாசியுங்கள்.

இவ்வளவு கஷ்டப்பட்டு எதற்கு இந்தக் கம்பி என்று கேட்பவர்களுக்கு, 2004ஐ ஞாபகப்படுத்துகிறோம்.

அந்த டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற இந்திய அமெச்சூர் வானொலிக்காரர், சில நண்பர்களோடு அந்தமானில் போர்ட் பிளேரில் இருந்தார். பல வருடங்களாக அங்கே அமெச்சூர் வானொலிக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. அரும்பாடுபட்டு அனுமதி வாங்கி, ஹோட்டல் மொட்டைமாடியில் ஏரியல் கட்டியிருந்தார்கள். பொழுதுபோக்குக்காகப் போனவர்கள்தான். 26ஆம் திகதி நிலம் அதிர்ந்தது, கடல் வந்தது, தொலைபேசி செத்தது. அந்த மொட்டைமாடிக் கம்பி தீவுக்கும் வெளியுலகுக்கும் இடையே செய்தி கடத்தியது. யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை என்ற செய்திகள்.

எமது நாட்டில் விக்டர் குணதிலகவும் இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த அமெச்சூர்களும் தொலைபேசி அற்றுப்போன அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே சிற்றலையில் தொடர்பை ஏற்படுத்தினார்கள். கிழக்குக் கரையில் அந்த நாளில் நாம் எப்படித் தவித்தோம் என்று இங்கே வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுத்த ஊரில் சாச்சி வீட்டார் இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, தண்ணீருக்கும் சேற்றுக்கும் நடுவே நடந்து போனவர்கள் நாம். எந்தக் கூரையிலும் ஒரு கம்பி இருக்கவில்லை.

மாணவருக்கு நாம் சொன்னது இதுதான். கேட்பதற்கு மட்டும் என்றால், உடுப்புக் காயப்போடும் கொடியோடு சேர்த்து மெல்லிய எனாமல் கம்பியை இழுக்கலாம். கொங்கிறீட்டுக்குள் இருக்கும் இரும்பு அலையை மறிப்பதால் ஜன்னலுக்கு வெளியே ஐந்தாறு மீற்றர் போனாலே பெரிய வித்தியாசம் தெரியும். பேசுவதற்கு என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும், அதில் குறுக்கு வழி இல்லை. குழுவினரோடு சண்டை பிடிக்க வேண்டாம், மொட்டைமாடியில் ஒரு மூலை தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள் என்றோம். சுனாமிக் கதையையும் அதில் எழுதச் சொன்னோம்.

கடிதம் கொடுத்துவிட்டார். பதில் இன்னும் வரவில்லை. இதற்கிடையில் நேற்று இரவு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். இரைச்சலுக்கு நடுவே ஏதோ ஓர் அறபு நிலையம். எந்த நாடு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சாரத்துக்கும் துவாய்க்கும் பின்னால் கம்பி இருக்கிறதாம்.

ஒரு வேண்டுகோள். பழைய ஏரியலின் வெள்ளைப் பீங்கான் கட்டைகள் யார் வீட்டிலாவது கிடந்தால் வீசிவிடாதீர்கள். பாடசாலை விஞ்ஞான அறைக்குக் கொண்டு வந்து தாருங்கள். இரண்டு போதும். தென்னை எமது வளவிலேயே இருக்கிறது.