கொங்குநாட்டு உணவுப் பண்பாடும் ஊடகங்களும்

கொங்குநாட்டு உணவு என்பது தமிழ்நாட்டின் மேற்குப் பகுதியான கொங்குநாட்டில் வழங்கும் சமையல் முறைகளையும் உணவுப் பழக்கங்களையும் குறிக்கும். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் ஆகிய மாவட்டங்களும் சேலம், திண்டுக்கல் மாவட்டங்களின் சில பகுதிகளும் கொங்குநாட்டில் அடங்கும். நெடுங்காலம் வீட்டுச் சமையலாகவே இருந்த இவ்வுணவு, உணவகங்கள், விளம்பரங்கள், தொலைக்காட்சி, இணையம் ஆகியவற்றின் வழியாகத் தனிப் பெயருடன் பிற பகுதிகளில் அறியப்பட்டது. அவ்வாறு அறியப்பட்டபோது விருந்து உணவுகளும் அசைவ உணவுகளும் முன்னிலை பெற்றன. அன்றாட உணவுகளாக இருந்த களி, கூழ், கொள்ளு முதலியவை பின்தங்கிப் பின்னர் உடல்நல உணவு என்ற பெயரில் மீண்டும் பேசப்பட்டன.

நிலமும் உணவும்

கொங்குநாட்டின் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் உள்ளது. இதனால் நெல்லைக் காட்டிலும் கம்பு, சோளம், கேழ்வரகு, கொள்ளு, நிலக்கடலை, எள் போன்ற மானாவாரிப் பயிர்களே இங்கு மிகுதியாக விளைந்தன. அரிசிச் சோறு பண்டிகை நாட்களுக்கும் விருந்தினர் வருகைக்கும் உரியதாகப் பல வீடுகளில் கருதப்பட்டது.

திருப்பூர் மாவட்டத்திலுள்ள அவிநாசி வட்டாரம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும். அவிநாசியை அடுத்த சேவூரில் உள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் நிலக்கடலை ஏலத்திற்குப் பெயர் பெற்றது. அருகிலுள்ள ஊத்துக்குளி வெண்ணெய்க்கும் நெய்க்கும் பெயர் பெற்றது. இவ்வட்டாரத்தின் நீர்த் தட்டுப்பாட்டைப் போக்கும் நோக்குடன் 1,045 குளம், குட்டைகளுக்கு நீர் நிரப்பும் அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகத்து 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது.

பொள்ளாச்சிப் பகுதித் தேங்காயும் ஈரோட்டு மஞ்சளும் இச்சமையலில் சிறப்பிடம் பெறுகின்றன. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. மசாலாப் பொருட்களைக் குறைவாகவும், சின்ன வெங்காயம், தேங்காய், சீரகம், மஞ்சள் ஆகியவற்றை மிகுதியாகவும் சேர்ப்பது கொங்குச் சமையலின் பொது இயல்பு ஆகும்.

முதன்மை உணவுகள்

* அரிசியும் பருப்பும் சாதம்: அரிசி, துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் முதலியவற்றை ஒரே பாத்திரத்தில் வேகவைத்து, நெய் விட்டு உண்ணப்படுவது. பேச்சு வழக்கில் அரிசிம்பருப்பு எனப்படும்.
* சந்தகை: புழுங்கல் அரிசி மாவை முதலில் ஆவியில் வேகவைத்துப் பின்னர் சந்தகை மரத்தில் பிழிந்து எடுக்கப்படுவது. இடியாப்பம் பிழிந்த பின் வேகவைக்கப்படுவதால் இது அதிலிருந்து வேறுபடுகிறது. தேங்காய்ப் பாலுடன் உண்பர்.
* கொள்ளுப் பருப்பு: கொள்ளை வேகவைத்து அரைத்து அல்லது கடைந்து செய்யப்படுவது. வேகவைத்த நீரில் ரசம் வைப்பர்.
* கம்மஞ்சோறு, சோளச்சோறு, ராகிக்களி: சிறுதானியங்களால் ஆன அன்றாட உணவுகள். மீதமானதை நீரூற்றி வைத்து மறுநாள் மோர் கலந்து பருகுவர்.
* ஒப்புட்டு: பிற பகுதிகளில் போளி எனப்படும் இனிப்பு.
* கச்சாயம்: அரிசியும் வெல்லமும் சேர்த்துப் பொரிக்கப்படும் பண்டம்.
* பள்ளிபாளையம் சிக்கன்: ஈரோட்டுக்கு எதிரே காவிரியின் மறுகரையில் உள்ள பள்ளிபாளையத்தின் பெயரால் வழங்கும் வறுவல். கோழியுடன் மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு சேர்த்துச் செய்யப்படுகிறது. மசாலாத் தூள் சேர்ப்பதில்லை.

உணவில் ஏற்பட்ட மாற்றங்கள்

உணவு மாற்றத்திற்கு ஊடகங்கள் மட்டுமே காரணம் அல்ல. 1950களில் கட்டப்பட்ட கீழ்பவானி அணையின் பாசனத்தால் ஈரோட்டுப் பகுதியில் நெல் சாகுபடி பெருகியது. பொது வழங்கல் திட்டத்தில் 2006 இல் கிலோ 2 ரூபாய்க்கும், 2008 இல் 1 ரூபாய்க்கும் வழங்கப்பட்ட அரிசி, 2011 சூன் முதல் விலையின்றி வழங்கப்படுகிறது. இதனால் முன்பு அரிதாக இருந்த அரிசிச் சோறு ஏழை வீடுகளிலும் அன்றாட உணவாயிற்று.

கோயம்புத்தூரில் 1955 ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட மாவரைக்கும் இயந்திரமும் குறிப்பிடத்தக்கது. கோவை வெட் கிரைண்டர் எனப் புவிசார் குறியீடு பெற்ற இக்கருவி பெண்களின் உழைப்பைக் குறைத்தது. விசேட நாட்களுக்கு உரியதாக இருந்த இட்லியும் தோசையும் நாள்தோறும் செய்யக்கூடியவை ஆயின.

ஊடகங்களின் பங்கு

அச்சு ஊடகம்

தமிழில் பெரும் செல்வாக்குப் பெற்ற சமையல் நூலான மீனாட்சி அம்மாளின் "சமைத்துப் பார்" 1951 இல் வெளிவந்தது. அது தமிழ்ப் பிராமணக் குடும்பங்களின் சைவச் சமையலை அடிப்படையாகக் கொண்டது. பிற்காலத்தில் அவள் விகடன் போன்ற மகளிர் இதழ்கள் வெளியிட்ட சமையல் இணைப்புகள் வட்டார உணவுகளுக்கும் இடம் அளித்தன. கோயம்புத்தூரில் 1957 இல் தொடங்கப்பட்ட அவிநாசிலிங்கம் மனையியல் கல்லூரி, பின்னர் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, ஊட்டச்சத்துக் கல்வியில் முன்னோடியாக விளங்கியது.

உணவகங்களும் விளம்பரங்களும்

ஈரோட்டில் 1960 இல் ஒரு தம்பதியரால் தொடங்கப்பட்ட ஜூனியர் குப்பண்ணா உணவகம் பின்னர் சென்னை முதலிய நகரங்களில் கிளைகளைத் திறந்தது. அதைப் போன்ற உணவகங்களால் கொங்கு உணவு என்ற பெயர் அசைவ விருந்துடன் இணைந்தது. சைவ உணவில் 1968 இல் தொடங்கப்பட்ட கோவை ஸ்ரீ அன்னபூர்ணா உணவகம் புகழ் பெற்றது.

ஈரோட்டில் மஞ்சள் வணிகத்தில் இருந்து 1975 இல் உருவான சக்தி மசாலா நிறுவனம் தொலைக்காட்சி விளம்பரங்கள் வழியாகத் தமிழகமெங்கும் பரவியது. வீட்டில் வறுத்து அரைக்கும் மசாலாவுக்கு மாற்றாகப் பொட்டலத் தூள்கள் வந்தன. இது நேரத்தை மிச்சப்படுத்தியது. அதே வேளையில் வீட்டுக்கு வீடு மாறிய சுவை ஒரே மாதிரியாக ஆகும் நிலையும் ஏற்பட்டது.

தொலைக்காட்சி

1993 இல் சன் தொலைக்காட்சி தொடங்கிய பின் தமிழில் தனியார் அலைவரிசைகள் பெருகின. அவற்றில் சமையல் நிகழ்ச்சிகள் வழக்கமான இடம் பெற்றன. சமையற்கலைஞர் ஜேக்கப் சகாயகுமார் அருணி (1974 - 2012) "ஆஹா என்ன ருசி" நிகழ்ச்சியின் மூலம் அறியப்பட்டவர். தேனி மாவட்டத்தைச் சேர்ந்த இவர் கொங்குநாடு உள்ளிட்ட வட்டாரங்களின் பழைய சமையல் முறைகளைத் தேடித் தொகுப்பதில் ஈடுபட்டார்.

2019 இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய "குக்கு வித் கோமாளி" சமையலை நகைச்சுவைப் போட்டியாக மாற்றியது. கோவையை அடுத்த மாதம்பட்டியைச் சேர்ந்த சமையற்கலைஞரும் நடிகருமான மாதம்பட்டி ரங்கராஜ் 2024 இல் இதன் ஐந்தாம் பருவத்தில் நடுவரானார். இவரது குடும்பம் விருந்துச் சமையல் தொழிலில் இருந்து வருவதால், கொங்குத் திருமண விருந்து தொலைக்காட்சிப் பார்வையாளர்களிடம் மேலும் அறிமுகமானது.

இணையம்

திருப்பூரைச் சேர்ந்த ஆறுமுகம் என்ற முதியவர் திறந்த வெளியில் பெரும் அளவில் சமைப்பதைக் காட்டும் "வில்லேஜ் ஃபுட் ஃபேக்டரி" யூடியூப் அலைவரிசை 2016 இல் தொடங்கியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 2018 இல் தொடங்கிய "வில்லேஜ் குக்கிங் சேனல்" 2021 இல் ஒரு கோடி உறுப்பினர்களை எட்டிய முதல் தமிழ் அலைவரிசை ஆயிற்று. இவற்றில் காட்டப்படும் பேரளவுச் சமையல் ஊர்த் திருவிழாக்களுக்கு உரியது. அன்றாடச் சமையல் அல்ல.

முட்டைக்கோசும் காளானும் மாவில் பொரித்துச் செய்யப்படும் கோவையின் தள்ளுவண்டிக் காளான், சேலத்தின் தட்டுவடை செட், கரூரின் கரம் ஆகிய தெருவோர உணவுகளும் காணொளிகள் மூலம் வெளியூர்களில் அறியப்பட்டன.

கூட்டம் சேர்க்கும் நோக்கிலான போட்டிகளும் பெருகின. 2024 ஆகத்தில் கோவை தொடர்வண்டி நிலையம் அருகிலுள்ள ஓர் உணவகம், அரை மணி நேரத்தில் ஆறு பிரியாணி உண்பவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் பரிசு என அறிவித்தது. பெருங்கூட்டம் திரண்டு போக்குவரத்து தடைபட்டதால் காவல்துறை வழக்குப் பதிவு செய்தது.

சிறுதானியங்களின் மீள்வருகை

இயற்கை வேளாண் அறிவியலாளர் கோ. நம்மாழ்வார் (1938 - 2013) மரபு விதைகள் குறித்தும், சித்த மருத்துவர் கு. சிவராமன் ஆனந்த விகடனில் எழுதிய "ஆறாம் திணை" தொடரில் மரபு உணவு குறித்தும் பரப்புரை செய்தனர். ஐக்கிய நாடுகள் அவை 2023 ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது.

இதன் விளைவாகக் கம்பும் சாமையும் நகரக் கடைகளில் விற்பனைக்கு வந்தன. ஒரு தலைமுறைக்கு முன் வறுமையின் அடையாளமாகக் கருதப்பட்ட கம்மங்கூழ் இன்று உடல்நல உணவாக மதிக்கப்படுகிறது. எனினும் விலையின்றிக் கிடைக்கும் அரிசியுடன் ஒப்பிட, பணம் கொடுத்து வாங்க வேண்டிய சிறுதானியம் உழைக்கும் குடும்பங்களுக்குச் செலவு மிக்கதாகும். இவ்வுணவை முன்பு நாள்தோறும் உண்டவர்களில் பலருக்கு அது இன்று எளிதில் எட்டாத நிலை உள்ளது.

பிற நாடுகளில்

ஊடகங்கள் உணவுப் பழக்கத்தை மாற்றுவது உலகெங்கும் காணப்படுகிறது. செக் குடியரசில் 2009 இல் தொடங்கிய "ஆனோ, ஷேஃபே" தொலைக்காட்சி நிகழ்ச்சியில், சமையற்கலைஞர் சிடெனெக் போல்ரைக் உள்ளூர் உணவகங்களுக்குச் சென்று தரத்தை வெளிப்படையாக விமரிசித்தார். அங்கு நிகழ்ச்சி உணவகச் சமையலின் குறைகளைப் பேசியது. தமிழ் நிகழ்ச்சிகளோ பெரும்பாலும் புகழ்ச்சியையும் கேளிக்கையையும் சார்ந்துள்ளன.

விமரிசனங்கள்

ஊடகங்கள் காட்டும் கொங்கு உணவு பெரும்பாலும் நிலவுடைமை வேளாண் குடும்பங்களின் விருந்து உணவே ஆகும். நெசவாளர், அருந்ததியர், மலைவாழ் மக்கள் முதலியோரின் உணவுகள் அதில் குறைவாகவே இடம் பெறுகின்றன. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலுக்காகப் பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களில் இருந்து வந்த தொழிலாளர்களின் உணவும் இன்று இவ்வட்டாரத் தெருக்களில் கிடைக்கிறது. அது கொங்கு உணவாகப் பேசப்படுவதில்லை.

வீட்டுச் சமையலை வழிவழியாகக் காத்தவர்கள் பெண்கள். ஆனால் புகழ்பெற்ற நடுவர்களிலும் யூடியூப் முகங்களிலும் ஆண்களே மிகுதி.

பள்ளிபாளையம் சிக்கன் போன்ற உணவுகள் வெளியூர்களில் மசாலாத் தூளும் நிறமும் சேர்த்து அதே பெயரில் விற்கப்படுவதும் உண்டு. கொள்ளு அரைக்கும் பதம், சந்தகை மாவு வேகும் பக்குவம் போன்றவை எழுத்தில் இன்றிச் செய்முறையாகவே கற்பிக்கப்பட்டு வந்துள்ளன. காணொளிகள் இவற்றுள் சிலவற்றைப் பதிவு செய்துள்ளன. பார்வையாளர்களை ஈர்க்காத எளிய அன்றாட உணவுகள் அவ்வாறு பதிவாவது குறைவு. அவற்றைச் சமைக்கத் தெரிந்த முதியோரிடம் கேட்டு எழுதி வைப்பது மாணவர்களாலும் செய்யக்கூடிய ஆவணப் பணியாகும்.