துப்பாக்கிக் கட்டைக்கான மரம்

ரைபிளின் குழலைத் தாங்கி, கையிலும் தோளிலும் பொருந்தும் கட்டையைச் செதுக்கப் பயன்படும் வன்மரம். இத்தகைய மரங்களில் முதன்மையானது வால்நட் எனும் அக்ரூட்: ஐரோப்பாவில் யுக்லன்ஸ் ரீஜியா, வட அமெரிக்காவில் கருவால்நட்டான யுக்லன்ஸ் நைக்ரா. பின்னதன் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 610 கிலோ. வால்நட் அதிர்ச்சியைத் தாங்கும், உலர்ந்தபின் அதிகம் உருமாறாது, உளிக்கு இணங்கும். 18ஆம் நூற்றாண்டுப் பென்சில்வேனிய நீள்ரைபிள்களில் மேப்பிள் மரம் பரவலாக இடம்பெற்றது.

தேர்வில் இழையோட்டமே முதன்மை. கட்டையின் மிக மெலிந்த இடமான கைப்பிடிக் கழுத்தில் இழை நீளவாக்கில் ஓட வேண்டும்; குறுக்கிட்டால் பின்னுதைப்பில் அங்கேதான் பிளக்கும். முதன்முறை செதுக்குவோருக்கு நேரிழை வால்நட்டே ஏற்றது. சுருளிழை மரம் கண்ணைக் கவர்ந்தாலும் உளி பட்டால் சில்லுசில்லாகப் பெயரும். ஈரம் வற்றாத பலகை பின்னர் முறுக்கிக்கொண்டு குழலை அழுத்தி, குறியைப் பிறழச் செய்யும்.