கரைமின் அடாப்டர் (பாய்மரப் படகு)

படகுத்துறையில் கட்டி நிற்கும் படகு கரையிலிருந்து எடுத்துக்கொள்ளும் மின்சாரம் கரைமின் எனப்படும். துறையின் சாக்கெட்டும் படகின் கேபிளும் பொருந்தாத இடத்தில் இரண்டுக்கும் நடுவே மாட்டுவது கரைமின் அடாப்டர். ஒரு முனையில் பிளக், மறுமுனையில் சாக்கெட், இடையில் ஒரு முழம் வயர். இது வடிவத்தை மட்டுமே மாற்றும். வோல்டேஜையும் ஹெர்ட்ஸையும் தொடாது. பிளக் உள்ளே போய்விட்டதே என்ற நம்பிக்கையில்தான் கருவிகள் கருகுகின்றன.

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் இந்தப் பேச்சு எழும் இடம் போர்ட்டிக்சன். சிரம்பானின் வெள்ளீயத்தையும் பின்னாளில் உள்நாட்டுத் தோட்டங்களின் ரப்பரையும் கடலுக்குக் கொண்டுவந்த ரயில் பாதை 1891-இல் இங்கே வந்து சேர்ந்தது. இன்று அதே கரையில் துவாங்கு ஜாபார் மின்நிலையமும் அட்மிரல் மரினாவும் இருக்கின்றன. ஜொகூரின் புத்தேரி ஹார்பரிலிருந்து பங்கோர், லங்காவி, அப்பால் புக்கெட் என்று மலாக்கா நீரிணையில் வடக்கே போகும் படகுகளுக்கு இது வழியிலுள்ள துறை.

மலேசிய மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 2008 தொடக்கம் வரை 240 என்றிருந்தது. இப்போதும் மேலே 10 விழுக்காடு, கீழே 6 விழுக்காடு ஏற்ற இறக்கத்துக்கு இடமுண்டு. வீடுகளில் மூன்று பட்டைப் பின் கொண்ட 13 ஆம்பியர் பிளக். துறைகளில் பரவலாகப் புழங்குவது வட்ட வடிவ நீலப் பிளக். 16, 32 ஆம்பியர் என இரண்டு அளவு. ஆலைகளிலும் கட்டுமான இடங்களிலும் இதே வகை ஓடுவதால் மின்பொருள் கடைகளில் தேடினால் கிடைக்கும். நீலம் 230 வோல்ட், மஞ்சள் 110, சிவப்பு 400 வோல்ட் மும்முனை. நிறத்துக்கேற்ப எர்த் பின்னின் இடமும் மாறும், ஒன்று மற்றொன்றுக்குள் நுழையாது. நல்ல ஏற்பாடு, கையால் கட்டிய அடாப்டர் ஒன்று போதும், அதைப் பாழாக்க.

அமெரிக்கப் படகுக்குச் சிக்கல் அதிகம். அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸில் ஓடுவது. பிலிப்பைன்சில் சாக்கெட் அமெரிக்கச் சாயலில் இருக்கும், உள்ளே வருவதோ 230 வோல்ட். மலேசியாவில் டிரான்ஸ்பார்மர் வைத்தால் வோல்டேஜ் இறங்கும், ஹெர்ட்ஸ் மாறாது. 60-க்குச் செய்த மோட்டார் 50-இல் சூடேறும். 90 முதல் 265 வோல்ட் வரை ஏற்கும் பேட்டரி சார்ஜரை மட்டும் கரையோடு இணைத்து, மற்றவற்றை இன்வெர்ட்டரில் ஓட்டுவதே மலிவான வழி.

வோல்டேஜ் ஒத்துப்போகும் படகுகள் சறுக்கும் இடம் ஆம்பியர். ஆஸ்திரேலியப் படகுகளில் பெரும்பாலும் 15 ஆம்பியர் தட்டைப் பின் கேபிள். அதை அடாப்டர் வழியே 32 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டினால் கரைப் பெட்டியின் பிரேக்கர் 32-ஐத் தாண்டும்வரை அசையாது. 15-க்குச் செய்த கேபிள் அதற்குள் உருகத் தொடங்கிவிடும். படகினுள் இருக்கும் பிரேக்கர் உள் வயரிங்கைக் காக்கும், துறைப் பலகைமேல் கிடக்கும் கேபிளைக் காக்காது. ஆகவே பெரிய சாக்கெட்டிலிருந்து சிறிய கேபிளுக்கு இறங்கும் அடாப்டரில் சிறிய அளவுப் பிரேக்கர் சேர்ந்தே இருக்க வேண்டும். விலை கூடும், ஆனால் பிரேக்கர் இல்லாததை வாங்காமலே இருக்கலாம். 16 ஆம்பியர் என்றால் ஏறத்தாழ 3,700 வாட். போர்ட்டிக்சன் புழுக்கத்தில் ஏர்கான் இரவு பகலாக ஓடும். அதோடு கெட்டிலும் வாட்டர் ஹீட்டரும் சேர்ந்தால் அது போதாது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் உள்ளே திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது உப்புக்காற்றில் பித்தளை பச்சை பூத்திருக்கிறது.

எர்த் வயரால் இன்னொரு தொல்லை. அது ஒரே துறையிலுள்ள படகுகளைக் கடல்நீர் வழியாக ஒரு பேட்டரிபோல் இணைத்துவிடும். அடியில் பொருத்திய துத்தநாகக் கட்டிகள் விரைவில் கரையும். இதைத் தவிர்க்க எர்த்தை வெட்டிவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. வெட்டினால் ஒரு கசிவில் படகின் உலோகமெல்லாம் ஷாக் அடிக்கும், பக்கத்தில் நீந்துபவருக்கும் ஆபத்து. எர்த்தை வெட்டாமலே கட்டிகள் கரைவதைத் தடுக்க கால்வனிக் ஐசொலேட்டர் இருக்கிறது. வசதியுள்ளோர் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வைப்பார்கள்.

புதிய துறையில் முதலில் மல்டிமீட்டரால் சாக்கெட்டைச் சோதிக்க வேண்டும். லைனும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் துறை அலுவலகத்திடம் சொல்லி, எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனைக் கொண்டு சரிசெய்யலாம். அடாப்டருக்குள் வயரைத் திருப்பிக் கட்டினால் அடுத்த துறையில் அது தலைகீழாகும். மாட்டும்போது இரு பக்கப் பிரேக்கரையும் அணைத்து, படகு முனையை முதலில், கரை முனையைப் பிறகு. கழற்றும்போது கரை முனை முதலில். விடியலில் சுமத்ரா புயற்காற்று இடியோடு வரும் மாதங்களில், வானம் கறுக்கத் தொடங்கியதுமே கழற்றிவிடுவது நல்லது.