கூர்க்கா வீட்டுக் குழந்தையும் கார் பேட்டரியும்

மரபுவழி நோய்களுக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் மாணவர்கள் சட்டென்று ‘தலசீமியா’ என்று எழுதிவிடுவார்கள். நாமும் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் சிங்கப்பூரில் தொடங்கிய ஒரு வரலாறு இருக்கிறது. வகுப்பில் சொல்லிப் பாருங்கள்.

‘தலாசா’ என்றால் கிரேக்க மொழியில் கடல். 1925-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தாமஸ் கூலி என்ற மருத்துவர் இந்நோயை முதலில் விவரித்தார். அவர் கண்ட குழந்தைகள் மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். அதனால் இது அந்தக் கடலோரத்து மக்களின் நோய் என்ற எண்ணம் மருத்துவர்களிடையே ஊறிவிட்டது. பெயரே கண்ணை மறைத்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

1950-களின் இறுதியில் டேவிட் வெதரால் என்ற லிவர்பூல் இளைஞர், மருத்துவப் பட்டம் பெற்ற கையோடு கட்டாய ராணுவச் சேவைக்காகச் சிங்கப்பூர் வந்தார். ராணுவ மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்கு. அங்கே ஒரு கூர்க்கா வீரரின் சின்னஞ்சிறு மகள். கடுமையான இரத்தச் சோகை. இரத்தம் ஏற்றி ஏற்றித்தான் உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள். காரணம் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் அறிஞர் ஃபிராங்க் வெல்லா பணியாற்றினார். அவருடைய உதவியை நாடினார் வெதரால். ஹீமோகுளோபின் வகைகளை மின்சாரத்தால் பிரித்துப் பார்க்க வேண்டும். கருவிக்கு எங்கே போவது? கார் பேட்டரியையும் வடிதாளையும் வைத்தே ஒன்றைச் செய்துகொண்டார். விடை கிடைத்தது: தலசீமியா! மத்தியதரைக் கடலுக்கும் நேபாள மலைக்கும் எவ்வளவு தூரம், நினைத்துப் பாருங்கள். 1960-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இருவரும் கட்டுரை வெளியிட்டார்கள். ராணுவ மேலிடத்திலிருந்து பாராட்டு வரவில்லை, கண்டிப்புத்தான் வந்தது. அனுமதி இல்லாமல் ராணுவக் குடும்பத்தைப் பற்றி எழுதியது குற்றமாம்!

பிறகு அமெரிக்காவில் ஜான் கிளெக், மைக்கேல் நாட்டன் ஆகியோருடன் சேர்ந்து நோயின் மூலத்தைத் தேடினார். கதிரியக்க அமினோ அமிலத்தைக் கொண்டு அவர்கள் 1965-இல் காட்டியது இதுதான்: ஹீமோகுளோபினுக்கு ஆல்ஃபா, பீட்டா என இரண்டு சங்கிலிகள் சம அளவில் வேண்டும். ஒன்று குறைந்தால் மற்றது மிஞ்சிப்போய், படிந்து, சிவப்பணுவையே அழித்துவிடுகிறது.

இங்கேதான் இரும்பு வருகிறது. மாணவர்கள் குழம்பும் இடமும் இதுவே. இரத்தச் சோகை என்றாலே இரும்புச் சத்துக் குறைவு என்று அவர்கள் நினைக்கிறார்கள். கடும் தலசீமியாவில் நிலைமை தலைகீழ். நம் உடலில் மொத்தமே ஏறக்குறைய 4 கிராம் இரும்புதான் இருக்கிறது. நாளொன்றுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம்தான் வெளியேறும். கூடுதலாக வந்ததை வெளியே தள்ள உடலுக்கு வழி கிடையாது. ஏற்றப்படும் ஒரு பை இரத்தத்திலோ 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 20 பை ஏற்றினால் எவ்வளவு? கணக்கை மாணவர்களையே போடச் சொல்லுங்கள். போதாததற்கு, தலசீமியா உள்ளவரின் குடலும் உணவிலிருந்து இரும்பை அளவுக்கு மீறி உறிஞ்சுகிறது. அது இதயத்திலும் கல்லீரலிலும் படிகிறது. உயிர் காக்க ஏற்றிய இரத்தமே பதின்ம வயதில் இதயத்தை முடக்கியது. இரும்பைப் பிடித்து வெளியேற்றும் டெஸ்ஃபெரியாக்சமின் மருந்தைச் சிறு பம்பு மூலம் இரவு முழுக்கத் தோலுக்கடியில் செலுத்தும் முறை 1970-களில் வந்த பிறகுதான் பல பிள்ளைகள் வளர்ந்து ஆளானார்கள்.

வெதரால் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராகி, சர் பட்டமும் பெற்று, 2018-இல் காலமானார்.

மலேசியாவில் 2016-இல் படிவம் 4 மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனை தொடங்கப்பட்டது. முடிவு வந்ததும் யாராவது ஒரு மாணவி உங்களிடம் ரகசியமாகக் கேட்கலாம்: “டீச்சர், நான் கேரியர்னு வந்திருக்கு. இரும்பு மாத்திரை சாப்பிட்டா சரியாயிடுமா?” ஆகாது. அது மரபணுவில் இருப்பது. அவள் நோயாளியும் அல்ல. அவளுடைய சிவப்பணுக்கள் சிறியவையாக இருப்பதால் இரும்புக் குறைவு போலத் தோன்றும். இரும்பு உண்மையிலேயே குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தால் மட்டுமே மாத்திரை. பின்னாளில் அவள் மணப்பவரும் அதே வகைக் கேரியர் என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் கடும் தலசீமியா வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.