ஈரிலக்க ஆண்டு விட்டுச்சென்ற கையிருப்பு

வேலைச்சந்தை சுருங்கும்போதெல்லாம் தரவுப் பொறியாளருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, புதிய கருவியைக் கற்றுக்கொள் என்பதே. இந்தியக் கணினித்துறை இதை 2001இலும் கேட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அத்துறையை வளர்த்த பணிகளுள் முதன்மையானது ஒய்2கே திருத்தம். ஆண்டை ஈரிலக்கத்தில் சேமித்துவைத்திருந்த அமெரிக்க வங்கி, காப்பீட்டு நிறுவனங்களின் கோபோல் நிரல்களை வரிவரியாகப் படித்துத் திருத்தும் வேலை அது. மதிப்புக் குறைந்த வேலையாகவே எண்ணப்பட்டது.

2000 பிறந்ததும் அப்பணி தீர்ந்தது. மார்ச்சில் உச்சந்தொட்ட நாஸ்டாக் சரிந்தது. ‘பெஞ்ச்’ என்பது நிரலாளரை அஞ்சவைக்கும் சொல்லாயிற்று. எச்-1பி விசாவின் ஆண்டு வரம்பும் 1,95,000இலிருந்து 2004 நிதியாண்டில் 65,000 ஆயிற்று.

ஆயினும் செலவைக் குறைக்க முனைந்த அந்நிறுவனங்களில் பல, அதே நிரல்களின் பராமரிப்பை இந்தியாவுக்கு அனுப்பின. எந்தப் புலம் எதைக் குறிக்கிறது, எந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதைத் திருத்தும்போதே அறிந்துகொண்டோர் இங்கே இருந்தனர். (கோபோல் வங்கிகளில் இன்றும் ஓடுவது வேறு கதை.) ஸ்பார்க், ஏர்ஃப்ளோ ஆகியவற்றோடு இன்று பணிபுரிவோரின் கையிருப்பும் பெரும்பாலும் இத்தகையதே. அன்று எல்லோரும் கரையேறிவிடவில்லை. தேதிப் புலங்களைத் தேடித்தரும் கருவியை மட்டுமே இயக்கியோருக்கு அந்த அறிவு வாய்க்கவில்லை.