மதீனாவின் வாற்கோதுமை



ஹதீஸ் தமிழாக்கங்களில் 'வாற்கோதுமை' என்று நாம் வாசிக்கும் தானியம் வேறொன்றுமன்று. காய்ச்சலுக்கும் நீர்க்கடுப்புக்கும் நம் இல்லங்களில் கஞ்சி வைத்துக் கொடுக்கும் பார்லியே அது. அரபியில் 'ஷயீர்' என்பர். நமக்கு நோயாளியின் உணவு. மதீனாவாசிகளுக்கோ அன்றாட ரொட்டி.

கோதுமையைவிடக் குறைந்த நீரில் அது விளையும். உவர் நிலத்தையும் தாங்கும். அறுவடைக்கும் முந்தி வரும். ஒட்டகங்களைப் பூட்டிக் கிணற்றுநீர் இறைத்த மதீனா விவசாயிக்கு இவை சிறிய சலுகைகளல்ல. மழையில் விளைந்ததற்குப் பத்தில் ஒரு பங்கும், இறைத்துப் பாய்ச்சியதற்கு இருபதில் ஒரு பங்கும் ஜகாத் என மார்க்கம் வகுத்திருப்பதை இங்கே எண்ணிப் பாருங்கள்.

இத்தானியத்தின் உமி மணியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கோதுமையைப் போல் போரடித்தால் எளிதில் உதிராது. அன்று சல்லடையும் இல்லை. மாவை அரைத்து, வாயால் ஊதி, பறந்தது போக எஞ்சியதைப் பிசைந்து உண்டதாக ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஆகவே, கடையில் விற்கும் தீட்டிய வெண்மணிகளைப் பார்த்து, பெருமானார் (ஸல்) அவர்கள் உண்ட ரொட்டி மென்மையானது என்று எண்ணிவிட வேண்டாம்.

ஹிஜ்ரி 7இல் (கி.பி. 628) கைபர் வெற்றிகொள்ளப்பட்டது. விளைச்சலில் பாதி என்ற உடன்பாட்டில் நிலங்கள் அங்கிருந்த யூதர்களிடமே பயிரிட விடப்பட்டன. அதிலிருந்து நபியவர்கள் தம் மனைவியருக்கு ஆண்டுதோறும் 100 வஸக் வழங்கினார்கள்: பேரீச்சம்பழம் 80, வாற்கோதுமை 20. ஒரு வஸக் என்பது 60 ஸாஉ. ஆக, வாற்கோதுமை மட்டும் 1,200 ஸாஉ!

ஆனால், ஹிஜ்ரி 11இல் (கி.பி. 632) நபியவர்கள் மறைந்தபோது, அவர்களது போர்க்கவசம் 30 ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடமானத்தில் இருந்தது. அரை வஸக்குக்கு ஒரு கவசம்! அத்தனை தானியமும் எங்கே போயிற்று? ஆண்டுக்கெனச் சேமித்ததும் தேவையுடையோருக்கும் விருந்தினருக்கும் இடையிலேயே செலவாகிவிடும் என்பர் விரிவுரையாளர்கள். அரபுலகமே பணிந்து நின்ற காலத்தில் அந்த வீட்டின் நிலை இது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறையில் அன்று இருந்தது பரணிலிருந்த சிறிதளவு வாற்கோதுமை மட்டுமே. அதிலிருந்து நெடுநாள் எடுத்து உண்டு வந்தார்கள். ஒரு நாள் அதை அளந்து பார்த்தார்கள். பின்னர் அது தீர்ந்துபோயிற்று.