ஊரின் நினைவைக் காத்த நூலகம்

கேமரன் மலையின் வரலாறு என்றால் இரண்டு பெயர்கள் தவறாமல் வந்துவிடும். 1885-இல் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரன் ஒருவர். 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஜே. ஏ. ரஸ்ஸல் மற்றவர். காட்டை வெட்டிச் சரிவில் செடி நட்ட கைகளின் பெயர்கள் அந்தப் பக்கங்களில் இல்லை. முதுகில் கூடை சுமந்து கொழுந்து பறித்த தாய்மார்களும், லயத்து மக்களுக்கு அரிசியும் துணியும் கடனுக்குக் கொடுத்த நம் கடைக்காரர்களும் பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே வாழ்கிறார்கள். வாய்ச்சொல்லுக்கு ஆயுள் இரண்டு தலைமுறைதான்.

சங்கம் பொன்விழாக் காணும் இவ்வேளையில், ஓர் ஊர் தன் நினைவை எப்படிக் காத்துக்கொள்கிறது என்று எண்ணிப் பார்ப்பது பொருத்தம். அதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. முன்பு நம்மோடு ஒரே மலாயாவாகப் பேசப்பட்ட சிங்கப்பூரின் தேசிய நூலகம் ஒரு நல்ல பாடம். அந்தப் பாடத்தின் முதல் பக்கத்தில் இருப்பவர்கள் நம் முன்னோர்களான தமிழ் முஸ்லிம்கள் என்பது நம் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி.

சிங்கப்பூரில் அச்சாகி இன்றும் கிடைக்கும் மிகப் பழைய தமிழ் நூல்களுள் ஒன்று 'முனாஜாத்துத் திரட்டு'. நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவர் பாடிய இறைவேண்டல் பாக்களின் தொகுப்பு அது. அச்சான ஆண்டு 1872. அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்ப் பத்திரிகைகள் எழுந்தன. பினாங்கில் நாகூர் குலாம் காதிறு நாவலர் 1883-இல் 'வித்தியா விசாரிணி'யை நடத்தினார். சிங்கப்பூரில் சி. கு. மகுதூம் சாயபு தம் தீனோதய வேந்திரசாலையிலிருந்து 1887 ஜூன் 27-ஆம் நாள், திங்கட்கிழமை, 'சிங்கை நேசன்' வார இதழை வெளிக்கொணர்ந்தார். விக்டோரியா அரசியாரின் பொன்விழாவை ஒட்டிப் பிறந்த இதழ் அது. அதே அச்சகத்தில் யாழ்ப்பாணத்துச் சதாசிவப் பண்டிதரின் 'சிங்கை நகர் அந்தாதி'யும் அச்சேறியது. முருகனைப் பாடும் நூலை ஒரு முஸ்லிம் அன்பரின் அச்சகம் அச்சிட்டுத் தந்தது. அந்த நாள் ஒற்றுமைக்கு வேறு சான்று வேண்டாம்.

ஊரையே கொண்டாடிய நூல்களும் வந்தன. 1893-இல் வெளியான ரங்கசாமி தாசனின் 'அதிவினோதக் குதிரைப் பந்தய லாவணி' பந்தயம் பார்க்கப் போகும் சாக்கில் தெருக்களையும் மனிதர்களையும் பாட்டாகவே காட்டிச் செல்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். 'சிங்கை நேசன்' 1890-இல் நின்றுவிட்டது. அதற்கு முன் 1875-இல் தொடங்கிய 'சிங்கை வர்த்தமானி' பற்றிப் பெயரளவில்தான் நமக்குத் தெரியும். பின்னது மறைந்துபோக, முன்னது எப்படிப் பிழைத்தது? இடையில் 1880-களில் ஒரு சட்டம் வந்தது. நீரிணைக் குடியேற்றங்களில் அச்சாகும் நூல்களைப் பதிவுசெய்து அரசாங்கத்திடம் பிரதி ஒப்படைக்க வேண்டும் என்றது அச்சட்டம். அவற்றிலிருந்து லண்டனுக்கும் பிரதிகள் போயின. சொந்த ஊரில் கறையான் தின்றதும் ஈரத்தில் மக்கியதும் போக, ஒப்படைத்த பிரதிகள் அங்கே பத்திரமாக இருந்தன. பின்னாளில் அவை நுண்படச் சுருள்களாகச் சிங்கப்பூர் தேசிய நூலகத்துக்குத் திரும்பி வந்தன. எழுதியதால் மட்டும் எதுவும் நிலைக்கவில்லை. ஒப்படைத்ததால் நிலைத்தது.

அந்த நூலகமும் எல்லாருக்கும் உரியதாகப் பிறக்கவில்லை. 1874 முதல் அது ராஃபிள்ஸ் நூலகம். புத்தகம் இரவல் பெறச் சந்தா கட்ட வேண்டும். 1953-இல் ரப்பர் வணிகர் லீ கோங் சியான் 3,75,000 வெள்ளி தர முன்வந்தார். கட்டணம் இல்லாத பொது நூலகமாக இருக்க வேண்டும், ஊர் மக்களின் மொழிகளுக்கும் இடம் வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. 1960 நவம்பர் 12-இல் ஸ்டாம்ஃபர்டு சாலையில் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. தமிழ் நூலுக்கும் அங்கே அடுக்கு கிடைத்தது. சுரங்கச் சாலைக்காக அந்தச் செங்கல் கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டபோது மக்கள் வருந்தினார்கள். ஆனால் நூல்கள் அழியவில்லை. 2005-இல் விக்டோரியா தெருவின் 16 மாடிக் கட்டடத்தில் அவை குடியேறின. அதே ஆண்டு நான்கு மொழிகளிலும் நூல்களைத் தேர்ந்து ஊரே கூடிப் படிக்கும் இயக்கத்தையும் நூலகம் நடத்தியது. 2011-இல் பொதுமக்களின் நினைவுகளைத் திரட்டும் திட்டம் தொடங்கியது. பழைய படமும் பள்ளிக்கூடக் கதையும் அங்கே வரலாறாக மதிக்கப்பட்டன.

நமக்கு மிக நெருக்கமான செய்தி 2015-இல் நடந்தது. சிங்கப்பூரின் 50-ஆம் ஆண்டுக்குத் தமிழர்கள் கொடுத்த பரிசு மாளிகையோ சிலையோ அல்ல. 1965 முதல் அங்கே வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களில் ஏறத்தாழ 350 நூல்களை மின்வடிவில் ஆக்கி நாட்டுக்கு அளித்தார்கள். எழுத்தாளர்கள் அனுமதி தந்தார்கள். தன்னார்வலர்கள் உழைத்தார்கள். நூலகம் தன் கருவிகளையும் இடத்தையும் தந்தது. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் காரியம் நடந்திராது.

1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' இதழ்களையும் அதே நூலகம் மின்வடிவாக்கியுள்ளது. மலாயாத் தோட்டங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்த ஏடு அது. பழைய இதழ்கள் பலவற்றை இன்று இணையத்தில் பார்க்கலாம். தாத்தா காலத்துத் தோட்டத்துச் செய்தியை தானா ராத்தாவில் அமர்ந்தே பேரப்பிள்ளை தேடலாம்.

நம் நாட்டிலும் வழி இருக்கிறது. கோலாலம்பூர் 2020-இல் யுனெஸ்கோவின் உலகப் புத்தகத் தலைநகராக விளங்கியது. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் 5 பிரதிகள் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். மொழி எதுவானாலும் சட்டம் ஒன்றே. நம் விழா மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், நினைவு ஏடுகள் எல்லாம் அதற்குள் அடங்கும்.

இன்று கொழுந்து பறிக்கும் கைகளில் பல வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவை. நம் குடும்பங்கள் ரிங்லெட்டுக்கும் பிரிஞ்சாங்குக்கும், ஈப்போவுக்கும் தலைநகருக்கும் பெயர்ந்துவிட்டன. லயங்கள் மாறின. அடுப்பங்கரைப் பேச்சில் மட்டும் பழைய தோட்டம் உயிரோடிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் மூன்று காரியம் செய்வோம். அலமாரியில் உள்ள பழைய படங்களின் பின்புறம் பெயரையும் இடத்தையும் ஆண்டையும் எழுதுவோம். பெரியவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிந்து, தாளிலும் எழுதி வைப்போம். சங்கத்தின் பழைய கணக்கேடுகளையும் அழைப்பிதழ்களையும் பழைய பேப்பர்க்காரரிடம் போடாமல் ஓரிடத்தில் சேர்ப்போம்.

இந்த மலரும் வீட்டுப் பெட்டியில் மட்டும் உறங்கக் கூடாது. அதற்குரிய பிரதிகள் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேரட்டும். மகுதூம் சாயபுவின் இதழை நாம் இன்று படிக்க முடிவதைப் போல, இந்தத் தேயிலை மலையில் தமிழ் பேசி, தொழுது, உழைத்து வாழ்ந்தவர்களின் பெயர்களை நூறாண்டு கழித்தும் யாரேனும் ஒருவர் கேட்டு வாங்கிப் படிக்கட்டும்.